அடியில் படுத்துப் பாருங்கள், தம்பிகளா

மரக்காணம் கார் ஸ்டாண்டுத் தம்பிகளுக்கு,

ஆறு பேர் பணம் போட்டு ஒரு பழைய ஃபோர்டு எண்டெவர் வாங்கப் போகிறீர்கள் என்றும், "வாங்கினா டாப் எண்டுதான்" என்று முடிவே பண்ணிவிட்டீர்கள் என்றும் டீக்கடையில் கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பெரியவர் மெல்போர்ன் கதையை ஆரம்பித்துவிடுவார் என்று பயந்திருப்பீர்கள். பயந்ததில் தப்பில்லை, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இந்தத் தடவை அதில் உங்கள் பணமும் இருப்பதால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நான் மெல்போர்னில் டாக்ஸி ஓட்டியது உங்களுக்குத் தெரியும். என்ன வண்டி ஓட்டினேன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ஃபோர்டு ஃபால்கன். மஞ்சள் நிறம், எல்பிஜியில் ஓடும் செடான். மதியம் மூன்று மணிக்குப் பகல் டிரைவர் சாவியைக் கொடுப்பான், விடியற்காலை மூன்று மணிக்கு நான் திருப்பித் தருவேன். நடுவில் இன்ஜின் அணைவது கேஸ் பங்க்கில் மட்டும்தான். குழாயைக் கழற்றும்போது புஸ்ஸென்று வெள்ளைப் புகை அடித்து விரல் நுனியில் சில்லென்று ஏறும். குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் அதைத் தொட்டவன் இரண்டாம் முறை தொடமாட்டான். வசூலில் பாதி ஓனருக்கு, பாதி எனக்கு. ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அசராமல் ஓடும் ஃபால்கன்களை அப்போது அங்கே சாதாரணமாகப் பார்த்திருக்கிறேன்.

நமக்கு அம்பாசடர் எப்படியோ அவர்களுக்கு ஃபால்கன் அப்படி. டாக்ஸியும் அதுதான், போலீஸ் வண்டியும் அதுதான், மூன்று பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பத்தின் காரும் அதுதான். நீளம் ஏறக்குறைய 4.9 மீட்டர். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். பழைய ஃபால்கன்களில் முன்பக்கமும் அம்பாசடர் மாதிரி நீள பெஞ்சு சீட்டு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில். ஃபால்கனுக்குப் போட்டியாக, அதைவிட முந்திப் பிறந்த ஹோல்டன் என்று ஒரு கம்பெனி. 1948 நவம்பரில் அந்த நாட்டுப் பிரதமர் சிஃப்ளியே முதல் ஹோல்டனை வெளியிட்டு வைத்தார். அவர்களுடைய பெரிய காரின் பெயர் கொமடோர். ஃபோர்டு வீடு, ஹோல்டன் வீடு என்று தெருவே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். எம்ஜிஆர், சிவாஜி என்று இங்கே பிரிந்து கிடந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஓனர் ஃபோர்டு கட்சி. அதனால் நானும் ஃபோர்டு கட்சி.

ஒரு நாள் ஜீலாங் நகரத்துக்கு ஒரு சவாரி. மெல்போர்னிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஃபோர்டு 1925-லிருந்து தொழில் நடத்திய ஊர், ஃபால்கனின் இன்ஜின் வார்ப்பாகி வந்ததும் அங்கேதான். ஆளை இறக்கிவிட்டுக் கடலோரமாகத் திரும்பியபோது மூலப் என்ற இடத்தில் காரை ஓரம் கட்டினேன். எதிரே பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்பு, தேங்கிய தண்ணீர், ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள், அதே உவர் நாற்றம். 1888-ல் சீதம் என்பவர் தொடங்கிய அளம் அது. எங்கள் அம்மா பாத்தியில் நின்று உப்பு வாரியவள். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும்போது அவள் பல்லைக் கடிப்பது காதில் கேட்கும். ஐயாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்தும் நம் ஊர்ப் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நிற்பது போல இருந்தது. மீட்டர் ஓடவில்லை, ஆனாலும் கால்மணி நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2002-ல் பிஏ என்ற ஃபால்கனோடு வந்த நாலு லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு 'பாரா' என்று பெயர். அதை உருவாக்கும்போது வைத்திருந்த ரகசியப் பெயர் 'பாராமுண்டி'. அது என்ன என்று கேட்கிறீர்களா? நம்ம கொடுவா மீன். கழுவெளி முகத்தில் வலையில் விழுந்தால் அன்றைக்கு வலைக்காரருக்குத் தீபாவளி என்று சொல்வோமே, அதே கொடுவாதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபால்கனின் வகைகளை வரிசையாகச் சொன்னால் உங்கள் 'டாப் எண்டு' ஆசைக்கு நான் ஏன் குறுக்கே நிற்கிறேன் என்பது புரியும்.

பிஏ ஃபால்கனில் அடிவகை எக்ஸ்டி. டாக்ஸிக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் வாங்கியது அதைத்தான். அதற்கு மேலே ஃபுச்சுரா, அதற்கு மேலே ஃபேர்மாண்ட், உச்சியில் ஃபேர்மாண்ட் கியா. வேகப்பிரியர்களுக்கு எக்ஸ்ஆர்6, அதிலேயே டர்போ வைத்தது ஒன்று, எட்டு சிலிண்டரோடு எக்ஸ்ஆர்8. இவை போதாது என்று உடம்பை நீட்டி ஃபேர்லேன், எல்டிடி. மந்திரிகளும் பெரிய முதலாளிகளும் பின்னால் காலை நீட்டி உட்காருவதற்கானவை. தச்சருக்கும் பிளம்பருக்கும் பின்னால் தொட்டி வைத்த யூட். குடும்பத்துக்கு நீளமான வேகன். 2008-ல் எஃப்ஜி வந்தபோது பெயர்களைக் கலைத்து ஜி6, ஜி6இ என்று மாற்றினார்கள். ஹோல்டன் பக்கமும் இதே ஏணிதான். 2006-ல் வந்த விஇ கொமடோரில் ஒமேகா கீழ்ப்படி, பெர்லினா நடுப்படி, காலே மேல்படி, ஓட்டப் பிரியர்களுக்கு எஸ்வி6, எஸ்எஸ்.

பிஏ செடானின் எல்லாப் பெயருக்கும் கீழே கிடந்தது ஒரே தகரம், ஒரே தரை. என் டாக்ஸியும், டாக்டர் ஒருவர் வீட்டு வாசலில் நின்ற ஃபேர்மாண்டும் ஒரே பிராட்மெடோஸ் தொழிற்சாலையின் ஒரே வரிசையில் வந்தவை. சாதாரண பெட்ரோல் ஆறு சிலிண்டர் இரண்டிலும் 182 கிலோவாட். என் கேஸ் இன்ஜின் மட்டும் 156. டாக்டர் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தவை தோல் சீட்டு, மரம் மாதிரி ஒரு பட்டை, தானாகச் சூடும் குளிரும் பார்த்துக்கொள்ளும் ஏசி, கொஞ்சம் நல்ல பாட்டுப்பெட்டி.

அடியில் உண்மையாகவே வித்தியாசம் இருந்த இடம் ஒன்று உண்டு, அதை விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். செடானுக்குப் பின் சக்கரம் இரண்டும் சுருள் ஸ்பிரிங்கில் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். வேகனுக்கும் யூட்டுக்கும் பழைய கட்டை அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். காலி வேகனில் பள்ளம் தெரியும், முதுகு சொல்லும். ஆனால் நாலு பேரும் எட்டுப் பெட்டியும் ஏறியதும் அது நேராக உட்கார்ந்துவிடும். விமான நிலையச் சவாரிக்காரர்கள் வேகனை விட மாட்டார்கள். டாப் எண்டா பேஸ் மாடலா என்று எங்கள் ஷெட்டில் எவனும் பேசி நான் கேட்டதில்லை. பட்டையா சுருளா என்றுதான் பேசுவார்கள்.

அந்த நாட்டுக்காரன் இதைக் கற்றுக்கொண்டது அடிபட்டுத்தான். 1960-ல் வந்த முதல் ஃபால்கன் அமெரிக்க வரைபடத்தில் செய்தது. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு அது போதும். ஆஸ்திரேலிய மண் ரோட்டில் முன்சக்கர பால் ஜாயிண்டுகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. பெயர் கெட்டது. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க, 1965-ல் ஜீலாங் பக்கத்து யூ யாங்ஸ் சோதனை மைதானத்தில் எக்ஸ்பி ஃபால்கன்கள் சிலவற்றை ஒன்பது நாள் இரவு பகலாக ஓட்டினார்கள். மொத்தம் 70,000 மைல், சராசரி மணிக்கு 70 மைலுக்கு மேல். கவிழ்ந்த வண்டியைத் தட்டி நிமிர்த்தி மறுபடியும் ஓடவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜனம் நம்பியது. ஹோல்டனுக்கும் இதே பாடம். 1978-ல் வந்த முதல் கொமடோருக்கு ஜெர்மனி ஓப்பலின் உடம்பு. சோதனைக்கு உள்நாட்டு மண் ரோட்டில் ஓட்டியபோது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவரே கிழிந்ததாம். வலுக்கூட்டித்தான் விற்பனைக்கு விட்டார்கள்.

நம் ரோட்டிலும் நம் காற்றிலும் வண்டியை யார் சோதித்தார்கள் என்பதே என் கேள்வி. அதற்கு முன்னால் ஃபால்கனின் கடைசிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

அந்தக் கார் மோசமாகிச் சாகவில்லை. 2008-ல் வந்த எஃப்ஜி, ஆஸ்திரேலியாவில் தயாரான கார்களில் முதன்முதலாக மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2011-ல் திரவமாகவே கேஸை உள்ளே பீய்ச்சும் புது எல்பிஜி இன்ஜின் வந்தது, பெட்ரோல் இன்ஜினுக்குச் சமமான இழுவை. ஆனால் குடும்பங்கள் உயரமான எஸ்யூவிக்குப் போய்விட்டன, பெட்ரோல் விலை ஏறிவிட்டது, நியூசிலாந்தை விட்டால் வெளியே வாங்க ஆளில்லை. ஒரு நாட்டுக்கென்று செய்த பெரிய கார் அந்த ஒரு நாடு திரும்பிக்கொண்டதும் நின்றுபோனது. டாக்ஸிக்காரர்களும் ஹைப்ரிட் கேம்ரிக்கு மாறினார்கள். அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் கடைசி இரண்டு வருஷம் கேம்ரிதான் ஓட்டினேன். 2016 அக்டோபர் 7-ந் தேதி கடைசி ஃபால்கன், நீல நிற எக்ஸ்ஆர்6, வரிசையிலிருந்து இறங்கியது. அடுத்த வருஷம் அக்டோபர் 3-ல் டொயோட்டாவின் ஆல்டோனா தொழிற்சாலை, அக்டோபர் 20-ல் ஹோல்டனின் எலிசபெத் தொழிற்சாலை. ஒரு வருஷமும் சில நாட்களும் போவதற்குள் மூன்று கதவும் சாத்தியாகிவிட்டது. நம் அம்பாசடர் இவற்றுக்கெல்லாம் முன்னால், 2014 மே மாதமே படுத்துவிட்டது.

தொழிற்சாலை மூடினாலும் ஃபோர்டின் ஆஸ்திரேலிய இன்ஜினியர்களை அனுப்பிவிடவில்லை. வண்டி செய்வதை விட்டார்கள், வண்டி வரைவதை விடவில்லை. யூ யாங்ஸ் மைதானமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரேஞ்சர் பிக்கப்பை உருவாக்கியவர்கள் அவர்கள். அதன் சட்டத்தின் மேல் ஏழு பேர் உட்காரும் உடம்பை ஏற்றி எவரெஸ்டை உருவாக்கியவர்களும் அவர்களே. அங்கே விற்ற எவரெஸ்ட் தாய்லாந்தில் தயாரானது. அதே வண்டி இந்தியாவில் எண்டெவர் என்ற பெயரில் 2016 ஜனவரியில் வந்தது. கோர்த்து முடித்த இடம் மறைமலை நகர், இங்கிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். ஆக நீங்கள் வாங்கப் போகும் வண்டி ஃபால்கனின் பங்காளி வீட்டுப் பிள்ளை. பிறந்தது செங்கல்பட்டுப் பக்கம், படித்தது ஜீலாங் பக்கம்.

எண்டெவரில் என்னென்ன வகை என்று உங்களுக்கே மனப்பாடம். 2016-ல் 2.2 லிட்டர் டீசல் 160 குதிரை, 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் 200 குதிரை. கீழே ட்ரெண்ட், மேலே டைட்டானியம். 2019-ல் முகத்தை மாற்றி டைட்டானியம், டைட்டானியம் பிளஸ். 2020-ல் பிஎஸ்6 வந்தபோது இரண்டு இன்ஜினையும் எடுத்துவிட்டு 2 லிட்டர் 170 குதிரை, பத்து கியர் ஆட்டோமேட்டிக். அந்த வருஷம் செப்டம்பரில் கறுப்பு பூசிய ஸ்போர்ட். 800 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொன்னது. டாப் எண்டில் மேலே திறக்கும் பெரிய கண்ணாடிக் கூரை, பொத்தானை அமுக்கினால் மடங்கும் மூன்றாம் வரிசை, ஏழு ஏர்பேக்.

ஏர்பேக்குக்கு மட்டும் பணம் கொடுங்கள். அது உயிர் சமாச்சாரம், ட்ரெண்டில் குறைவு. மற்றபடி கண்ணாடிக் கூரையைப் பற்றி நான் சொல்ல ஒன்று உண்டு. சுற்றிலும் தண்ணீர் வடிய சின்னக் குழாய்கள் இருக்கும். நம் ஊர்க் காற்றில் உப்பும் மணலும் சேர்ந்து அதை அடைத்துவிடும். தண்ணீர் தூண் வழியாக இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும். மேலே துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பீர்கள், கீழே தரைத்தகரம் ஊறிக்கொண்டிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஊர் திரும்பியதும் நானும் ஒரு டாப் எண்டு வாங்கினேன். எந்தக் கம்பெனி வண்டி, யாரிடம் வாங்கினேன் என்பது வேண்டாம். தோல் சீட்டு, டச் ஸ்கிரீன், ஒரே ஓனர், சர்வீஸ் புத்தகம் முழுக்க சீல். கீழே புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து, வாசனைகூடப் போகவில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். எட்டாம் மாதம் சைலன்சர் சத்தம் என்று திண்டிவனத்தில் ராம்ப்பில் ஏற்றினோம். மெக்கானிக் பையன் ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸ் கட்டையைத் தட்டிக்கொண்டே வந்தான். டங், டங், டங், பொத். அந்தக் கடைசி இடத்தில் லேசாக அழுத்தினான். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கறுப்புக் கோட்டிங் மேலாடை மாதிரி சுருண்டு வந்தது, உள்ளேயிருந்து செதில் செதிலாகத் துரு அவன் நெற்றியில் கொட்டியது. பத்து வருஷம் மெல்போர்னில் ஓட்டியவன் என்று இங்கே பேர் எனக்கு! அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

உப்பளத்துப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துவைத்துக்கொள்ளும். தகரத்தில் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. வெயில் அடித்துக் காய்ந்த மாதிரி தெரியும், சாயங்காலக் கடல் காற்று வந்ததும் மறுபடி நனையும். ஊருக்குள் நிற்கும் வண்டியைவிட நம் ஸ்டாண்டில், அளத்தைப் பார்த்தபடி நிற்கும் வண்டிக்கு ஈரமான மணி நேரம் அதிகம். துரு பிடித்த இடத்துக்கு மேல் கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. எண்டெவர், பழைய இன்னோவா, கிரிஸ்டா எல்லாமே சேஸிஸ் வண்டிகள். சேஸிஸ் கட்டை உள்ளே பொள்ளல். வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் பூசலாம், தின்பது உள்ளேயிருந்து.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது உள்ளே ஏறி உட்காராதீர்கள். ஏறினால் மயங்கிவிடுவீர்கள், ஏசி காற்றும் சீட்டின் மெத்தையும் அதற்குத்தான் இருக்கின்றன. ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். ராம்ப் இல்லை என்றால் பாயை விரித்துப் படுங்கள். கோட்டிங் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்பேர் வீலை இறக்குங்கள், அதைத் தொங்கவிடும் சங்கிலியும் அதற்கு மேல் இருக்கும் தகரமும் பொய் சொல்லாது. பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாயை விரலால் தடவிப் பாருங்கள், செதில் உரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கதவின் அடி மடிப்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா, ஏசி கண்டன்சரின் அலுமினியத் தகடு விரல் பட்டதும் பொடியாகிறதா, பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் பச்சை பூத்திருக்கிறதா. கடைசியாக சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியவற்றை எங்கே கொண்டுபோய் விற்றார்கள் என்று நினைக்கிறீர்கள்? 2024 நவம்பர் 30-ல் ஃபெங்கல் புயல் கரை கடந்த ராத்திரிக்குப் பிறகு நம் பக்கத்து வண்டிகளே எத்தனை கைமாறின என்பது உங்களுக்குத்தான் தெரியும். 800 மில்லிமீட்டர் என்பது நல்ல தண்ணீரில் இறங்கி ஏறுவதற்கான கணக்கு. இரண்டு நாள் உவர்த் தண்ணீரில் நிற்பதற்கான கணக்கு இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எண்டெவர்தானா என்று கேட்டால், டி-போர்டு ஓட்டுவதற்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். வண்டியைப் பழிக்கவில்லை. மனசு எனக்கும் அதில்தான். ஆனால் 3.2 குடிக்கும் டீசலுக்கு மரக்காணம், புதுச்சேரி சவாரியில் வசூல் கட்டாது. 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது, அடுத்த வருஷம் மறைமலை நகர் வரிசை நின்றது. மறுபடி வருகிறார்களே என்பீர்கள். 2025 அக்டோபர் கடைசியில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது உண்மைதான். அங்கே செய்யப் போவது ஏற்றுமதிக்கான இன்ஜின், அதுவும் 2029-ல். உங்கள் டைட்டானியம் பிளஸ் முன்பக்க லைட்டு உடைந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டீசல் கிரிஸ்டாவில் மேனுவல் கியர் வைத்த அடிவகை ஒன்று, அடி சுத்தமாகக் கிடைத்தால் போதும். ஆறு பேர் குடும்பமும் அதில் சாப்பிடும்.

எண்டெவரேதான் என்று அடம் பிடித்தால் 2.2 பாருங்கள், கடலோரத்தில் ஓடாத வண்டியாகப் பாருங்கள். வேலூர், தருமபுரிப் பக்கத்து ஆர்.சி. கிடைத்தால் ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம். வாங்கியதும் மாதம் இரண்டு தடவை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். மேலே வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும், இப்போது தினமும் இரண்டு தடவை துடைக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வண்டி பார்க்கக் கிளம்புவதாகச் சொன்னார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டாண்டில் நிற்கிறேன். ஜாக்கி, டார்ச் லைட், அந்தத் திண்டிவனத்து ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் கொண்டுவருகிறேன். பாய் மட்டும் நீங்கள் எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மெல்போர்ன்காரர்
மரக்காணம்